கிரிப் புள்ளி ஏன் குறைகிறது?

ஊரில் ஒருவரைப் பற்றி "அவர் கிரிப்பில விழுந்திட்டாராம்" என்று சொல்லும்போது, சொல்பவரின் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். ஏதோ பெரிய வருத்தத்தைப் பற்றியோ பொலிஸ் வழக்கைப் பற்றியோ பேசுவது போல. கடந்த வருடம் அந்தத் தாழ்ந்த குரல் எங்கள் வீட்டுக்குள்ளேயே கேட்டது.

என் வாப்பா சந்தியில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு ஒரு டீப் பிரீசர் வாங்குவதற்காக, வங்கியொன்றின் வட்டியில்லாப் பிரிவில் முறாபஹா வசதிக்கு விண்ணப்பித்தார். வங்கி பொருளை வாங்கி, தன் இலாபத்தைச் சேர்த்து நமக்கு விற்கும். நாம் தவணை முறையில் கட்டித் தீர்க்க வேண்டும். பத்து நாட்களின் பின்னர் பதில் கிடைத்தது. வாப்பாவின் கிரிப் புள்ளி போதாதாம். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நான் இந்த வயசு வரைக்கும் ஒரு வங்கியிலயும் கடன் எடுத்ததில்ல. அப்ப என்னக் கள்ளனெண்டா சொல்றாங்க?" என்று கேட்டார். உம்மா ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி போட எழுந்து போனார்.

நான் உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படிக்கிறேன். அறவிடமுடியாக் கடன், ஐயக்கடன் ஏற்பாடு என்று எத்தனையோ கணக்குகள் செய்திருக்கிறேன். அந்த ஐயம் ஒரு மனிதர் மேல் எப்படி வந்து சேர்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. வாப்பாவின் கேள்விக்கு விடை தேடியபோது அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். எழுதச் சம்மதித்த வாப்பா இரண்டு நிபந்தனைகள் போட்டார். புள்ளி எத்தனை என்று எழுதக்கூடாது. இதில் சம்பந்தப்பட்ட மற்றவரின் பெயரையும் எழுதக்கூடாது.

நாம் கிரிப் என்று சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தைத்தான். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அது உருவாக்கப்பட்டது. மத்திய வங்கியும் கடன் வழங்கும் நிறுவனங்களும் அதில் பங்குதாரர்கள். வங்கிகள், லீசிங் மற்றும் நிதிக் கம்பனிகள் எல்லாம் தாம் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், தவணை ஒழுங்காக வருகிறதா, பிந்தினால் எத்தனை நாள் என்ற விபரங்களை அங்கே அனுப்புகின்றன. புதிதாக ஒருவர் கடன் கேட்டு வந்தால், அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்து அறிக்கை எடுத்துப் பார்க்கின்றன. அந்த அறிக்கையின் சாரமாக 250 முதல் 900 வரையிலான ஓர் எண் தரப்படுகிறது. அதுதான் புள்ளி. எண் கூடக்கூட, கடன் ஒழுங்காகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கை கூடும்.

இவ்விடத்தில் ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பணியகம் யாருக்கும் கடன் கொடுப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. கொடுப்பதா இல்லையா என்பதை அந்தந்த வங்கியே தீர்மானிக்கிறது. கறுப்புப் பட்டியல் என்று ஒன்று அங்கே கிடையாது. ஒரு தவணையும் பிந்தாமல் கட்டுபவரின் பெயரும் அங்கே இருக்கிறது. ஆகவே "கிரிப்பில பேர் இருக்கு" என்பதில் பயப்பட ஒன்றுமில்லை. பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. வட்டியில்லா வங்கிகள் கிரிப் பார்ப்பதில்லை என்பதும் வெறும் கதை. வாப்பாவும் அப்படித்தான் நம்பியிருந்தார். வட்டி ஹராம் என்பது ஒரு விடயம், கொடுத்தது திரும்பி வருமா என்று பார்ப்பது வேறு விடயம். முறாபஹா, இஜாரா வசதிகளும் பணியகத்தின் பதிவுகளில் வருகின்றன.

இதையெல்லாம் நான் விளக்கியபோது வாப்பா தலையை ஆட்டினார். விளங்கி ஆட்டினாரா, மகள் படித்துச் சொல்கிறாள் என்பதற்காக ஆட்டினாரா என்று தெரியவில்லை. கடைசியில் அவருக்கு விளங்கவைத்தது அவருடைய கடன் கொப்பிதான்.

கடை மேசையின் லாச்சிக்குள் தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். அரிசி, சீனி, பால்மா என்று எடுத்ததும் கொடுத்ததும் திகதியோடு அதில் இருக்கும். ஒரு நாள் அஸருக்குப் பிறகு கடையில் ஆட்கள் குறைந்த நேரத்தில் அந்தக் கொப்பியைத் திறந்து வைத்து, "இதில் யாருக்கு இன்னும் ஐயாயிரத்துக்குச் சாமான் கொடுப்பீங்க, யாருக்குக் கொடுக்க மாட்டீங்க?" என்று கேட்டேன். வாப்பா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சொன்னார். இவருக்குக் கொடுக்கலாம், சம்பளம் வந்த அன்றே வந்து கட்டிவிடுவார். இவர் நல்ல மனிதர், ஆனால் ஏற்கெனவே பக்கம் நிறைந்துவிட்டது, இனிக் கொடுத்தால் அவருக்கே கஷ்டம். இவர் பத்து வருடப் பழக்கம், ஒரு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை. இந்த ஆள் போன கிழமைதான் வந்தவர், கொஞ்சம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த ஆளோ சந்தியிலுள்ள நாலு கடையிலும் ஒரே மாதத்தில் கணக்குத் திறந்திருக்கிறார், என்னவோ நெருக்கடி.

"வாப்பா, இதுதான் கிரிப் புள்ளி" என்றேன்.

இது விளையாட்டுப் பேச்சல்ல. அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு முதல் பயன்பட்டுவரும் ஃபைக்கோ புள்ளியில் எதற்கு எவ்வளவு பங்கு என்று அந்த நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. நாள் தவறாமல் கட்டினாரா என்பதற்கு 35 வீதம். இப்போது எவ்வளவு கடன் தலையில் இருக்கிறது என்பதற்கு 30 வீதம். எவ்வளவு காலப் பழக்கம் என்பதற்கு 15 வீதம். புதிதாக எத்தனை இடத்தில் கடன் கேட்டார் என்பதற்கு 10 வீதம். எத்தனை வகைக் கடன்களைச் சமாளித்திருக்கிறார் என்பதற்கு மீதி 10 வீதம். இந்த வீதங்களை அப்படியே நம் நாட்டுப் புள்ளிக்கு ஒட்டிவிடக்கூடாது. ஆனாலும் வாப்பா வாயால் சொன்ன காரணங்களில் முதல் நான்கும் அதில் வரிசையாக இருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பணியகம் என்பது நாட்டிலுள்ள எல்லாக் கடைகளின் கடன் கொப்பிகளையும் ஒன்றாகக் கட்டியது போலத்தான். ஒரேயொரு வித்தியாசம். வாப்பாவின் கொப்பிக்கு, ஒருவர் ஏன் பிந்தினார் என்பதும் தெரியும். பிள்ளைக்கு டெங்கு, மழையில் வயல் போனது, மகளுக்குக் கல்யாணம். பணியகத்தின் கொப்பியில் காரணம் எழுத இடமில்லை. நாட்களின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும்.

ஒருவர் தன் அறிக்கையைத் தானே பணம் கட்டி எடுத்துப் பார்க்கலாம். அப்படி எடுப்பதால் புள்ளி குறையாது. வாப்பா முதலில் மறுத்தார். குற்றப்பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குவதா என்பது அவருடைய வாதம். உம்மா கொடுத்த ஆலோசனையில்தான் வங்கிக் கிளை மூலம் விண்ணப்பித்தோம். அறிக்கை வந்த இரவு, இஷாவுக்குப் பிறகு நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரி வரியாக வாசித்தோம்.

வாப்பா சொன்னது உண்மை. கடன் பெற்றவர் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. பிணையாளி என்ற இடத்தில் ஒரு லீசிங் இருந்தது.

வாப்பாவுக்கு ஒரு பழைய கூட்டாளி இருக்கிறார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். 2018இல் அவர் ஐந்து வருட லீசிங்கில் ஓர் ஆட்டோ வாங்கியபோது வாப்பா பிணைக்குக் கையொப்பம் இட்டார். கடை வாசலில், சைக்கிள் இருக்கையின் மேல் தாளை வைத்து, வாசிக்காமல் போட்ட கையொப்பம். "ஒரு சாட்சிக் கையெழுத்துத்தானே" என்று நினைத்தாராம். பிணையாளி சாட்சி அல்ல. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டவர். ஆட்டோ அவர் பெயரில் இல்லை, ஒரு நாளாவது அதை அவர் ஓட்டியதும் இல்லை. கடன் மட்டும் அவருடையதும்தான். அதனால்தான் பிணையும் அறிக்கையில் ஏறுகிறது.

இது நமக்குப் புதிதான விடயமே அல்ல. கடனை எழுதிவைப்பது பற்றியும் அதற்குச் சாட்சிகள் வைப்பது பற்றியும் பேசும் ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அங்கே சாட்சி வேறு. பிணைக்குப் புஹாரியில் வரும் ஒரு சம்பவத்தைப் பார்க்கலாம். கடன் வைத்துவிட்டு மரணித்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் தாமே தொழுவிக்க முன்வரவில்லை. அபூ கதாதா (ரழி) அவர்கள் அந்தக் கடன் என் பொறுப்பு என்று சொன்ன பிறகே தொழுகை நடத்தினார்கள். இஸ்லாம் பாடத்தில் இதைப் படித்தபோது கடனின் பாரத்தை மட்டுமே நான் கவனித்தேன். பொறுப்பேற்ற அந்த நொடியில் கடன் இடம் மாறியது என்பதை வாப்பாவின் அறிக்கையைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.

மாமா முதல் வருடங்களில் ஒழுங்காகக் கட்டினார். 2020இல் கொரோனா வந்தபோது தவணைகளுக்குச் சலுகைக் காலம் கிடைத்தது. கட்ட வேண்டாம் என்பதல்ல அதன் பொருள், பிறகு கட்டலாம் என்பதுதான். பலர் அதை மன்னிப்பு என்று விளங்கிக்கொண்டார்கள். அதன்பின் 2022. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன் வழங்கும் வட்டி வீதத்தை 7.5இலிருந்து 14.5 வீதத்துக்கு ஒரே நாளில் உயர்த்தியது. பெற்றோலுக்கு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். கியூ.ஆர். முறை வந்தபோது ஆட்டோவுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 5 லீற்றர். 5 லீற்றரில் ஓடி ஒரு குடும்பமும் சாப்பிட வேண்டும், லீசிங்கும் கட்ட வேண்டும். மாமாவால் முடியவில்லை. மூன்று தவணைகள் தொடர்ந்து விடுபட்டன. நிலுவை 90 நாட்களைத் தாண்டினால் அதைச் செயற்படாக் கடனாகக் கணிக்கிறார்கள். பத்து நாள் பிந்துவதும் தொண்ணூறு நாள் பிந்துவதும் ஒரே தவறல்ல. இரண்டாவது பல மடங்கு பாரமானது.

அந்தக் காலத்தில் நிதிக் கம்பனியிலிருந்து வாப்பாவுக்கு ஒரு கடிதம் வந்ததாம். அவர் அதை மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டார். மாமா பிறகு கட்டாருக்குப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. கடன் மறுக்கப்பட்ட நாளிலிருந்து வாப்பா அவர் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். அவருடைய தம்பி கடைக்கு வந்து ஸலாம் சொன்னாலும் பதில் மெதுவாகத்தான் வரும்.

ஆனால் அறிக்கையில் இருந்தது நாங்கள் நினைத்தது அல்ல. மாமா கட்டாரிலிருந்து எல்லாத் தவணைகளையும் கட்டியிருந்தார். முதலில் மிச்சமே இல்லை. நிலுவை என்று நின்றது 4,850 ரூபா. பிந்திக் கட்டியதற்கான தாமதக் கட்டணம். கடைசித் தவணையோடு எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்துவிட்டார், கம்பனியின் கணக்கு மூடப்படவில்லை. ஒரு கடையில் மூன்று நாளில் வரும் காசு, மாதக்கணக்காக இரண்டு குடும்பங்களுக்கிடையில் நின்றிருக்கிறது. கடனை முடிக்கும்போது கடைசி ரூபா வரை தீர்ந்தது என்ற கடிதத்தைக் கையில் வாங்காமல் வரக்கூடாது என்பதை அன்றிரவு என் குறிப்புக் கொப்பியில் எழுதி இரண்டு தடவை கோடிட்டேன்.

அறிக்கை அத்தோடு முடியவில்லை. இன்னும் இரண்டு விடயங்கள் இருந்தன. போதிய பணமில்லாமல் திரும்பிய ஒரு காசோலை. மொத்த வியாபாரிக்கு வாப்பா முன்திகதியிட்டுக் கொடுத்தது, அந்தத் திகதியை மறந்துவிட்டார். அடுத்த நாளே கைக்காசாகக் கொடுத்துத் தீர்த்தாலும் திரும்பியது திரும்பியதாகவே பதிவாகியிருந்தது. மற்றது, யார் யார் வாப்பாவின் அறிக்கையைப் பார்த்தார்கள் என்ற பட்டியல். முதலில் மறுத்த வங்கியின் மேல் வந்த கோபத்தில், அதே மாதத்தில் வேறு இரண்டு இடங்களுக்கும் வாப்பா விண்ணப்பம் கொடுத்திருந்தார். எங்களுக்கே சொல்லவில்லை. மூன்று இடங்களும் பார்த்திருக்கின்றன. சந்தியில் நாலு கடையில் கணக்குத் திறந்த அந்த மனிதரை வாப்பா எப்படிப் பார்த்தாரோ, அப்படித்தான் மூன்றாவது இடம் வாப்பாவைப் பார்த்திருக்கும்.

வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனத்தான் இவ்வளவு நாளும் ஏசிக்கொண்டிருந்தன். இந்த ரெண்டும் என்ட" என்றார். எங்கள் வாப்பா தன் பிழையை எங்களுக்கு முன்னால் சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு.

இங்கே எங்கள் வீட்டில் நடக்காத சில காரணங்களையும் சொல்ல வேண்டும். நாள் தவறாமல் கட்டுபவரின் புள்ளியும் குறையலாம். கடனட்டையில் 100,000 ரூபா எல்லை இருந்து, மாதாமாதம் 95,000 வரை பாவிப்பவர் ஒழுங்காகக் கட்டினாலும், மூச்சு முட்ட நிற்கிறார் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். கூட்டுக் கடனில் ஒருவர் தவறினால் மற்றவரின் பதிவிலும் அது தெரியும். நமது பிரதேசங்களில் பெண்கள் ஐந்து பேர், பத்துப் பேராகச் சேர்ந்து நுண்கடன் எடுக்கிறார்கள். குழுவில் ஒருவருக்கு ஒருவர் பிணை. பக்கத்து வீட்டு ராத்தா என்ற பாசத்தில் போடும் கையொப்பமும் வாப்பாவின் கையொப்பம் போன்றதுதான்.

உம்மாவின் நிலை இன்னொரு விதம். அவர் பதினெட்டு வருடமாகச் சீட்டுப் பிடிக்கிறார். ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை. ஊர்ப் பெண்கள் தங்கள் காசை அவரிடம் நம்பிக் கொடுக்கிறார்கள். ஆனால் சீட்டு எந்தப் பதிவிலும் ஏறாது. நாளைக்கு உம்மா ஒரு தையல் மெசினுக்குக் கடன் கேட்டால், அவரைப் பற்றிச் சொல்ல எந்தக் கொப்பியிலும் ஒரு வரி இருக்காது. எங்கள் தெருவிலேயே மிக ஒழுங்காகக் காசைக் கையாள்பவர் அவர்தான் என்பது என் அபிப்பிராயம். பதிவு இல்லாதவரும் பதிவு கெட்டவரும் வங்கிக்கு ஒன்றல்ல. ஆனாலும் இருவருமே வாசலில் கொஞ்சம் காத்திருக்க வேண்டிவரும்.

பிழையான தகவல் இருந்தால் பணியகம் தானாக அதை மாற்றாது. தகவலை அனுப்பிய நிறுவனமே திருத்தி அனுப்ப வேண்டும். ஆகவே முறைப்பாட்டை எழுத்தில், ஆதாரங்களோடு கொடுக்க வேண்டும். எங்கள் விடயத்தில் தகவல் பிழையில்லை. பாக்கியைக் கட்டினால் நிலுவை பூச்சியமாகும். ஆனால் 2022இல் பிந்தியது பிந்தியதுதான், அன்றைக்கே அழியாது. புதிய மாதங்கள் நல்லபடியாகச் சேரச்சேரப் பழைய மாதங்களின் பாரம் குறைந்துகொண்டு போகும். காசு வாங்கிக்கொண்டு கிரிப்பைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், அவர்கள் சுத்தம் செய்யப்போவது நம் பையைத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தார். ஸலாம் சொன்ன பிறகு இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மாமாதான் முதலில் அழுதார். சொல்லாமல் போனது வெட்கத்தில்தான் என்றார். தாமதக் கட்டணம் ஒன்று நிற்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அன்று மாலையே தம்பியிடம் காசு கொடுத்து அனுப்பினார். வாப்பாவும் அந்தத் தம்பியும் சேர்ந்தே நிதிக் கம்பனிக்குப் போய்க் கட்டிவிட்டு, கணக்கு முடிந்ததற்கான கடிதத்தையும் கேட்டு வாங்கி வந்தார்கள். டீப் பிரீசர் இன்னும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கும்படி வங்கி உத்தியோகத்தர் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் வேறு எங்கும் விண்ணப்பம் கொடுப்பதில்லை என்று வாப்பா உம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். காசோலைகளின் திகதிகளை இப்போது நான்தான் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிடுகிறேன்.

போன மாதம் சாச்சாவின் மகன் ஒரு மோட்டார் சைக்கிள் லீசிங் படிவத்தோடு கடைக்கு வந்தான். "பெரியப்பா, இதில ஒரு சைன் மட்டும்" என்றான். வாப்பா பேனையை எடுத்தார். பிறகு மூடி சட்டைப் பையில் வைத்தார். "தாள வெச்சிட்டுப் போ மகன். இரவைக்கு ராத்தாவும் நானும் வாசிச்சிட்டு நாளைக்குச் சொல்றன்" என்றார்.